யார் அவளுக்குச் சொன்னது?



1706ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் சேலம் கிராமத்துச் சபையில், இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றாள். போதகர் ஜோசப் கிரீன் அவளுடைய அறிக்கையைச் சபையார் முன்பாக வாசித்தார். அவள் பெயர் ஆன் பட்னம். திருவிருந்தில் பங்குபெறும் அங்கத்தினளாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி அவள் விண்ணப்பித்திருந்தாள். அதற்கு முன்பு, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காரியம் வெளிச்சத்தில் வைக்கப்பட வேண்டியிருந்தது. அவள் சிறுமியாயிருந்தபோது சொன்ன சாட்சியங்களால் குற்றமற்றவர்கள் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தார் அதே ஊரில், அதே சபையின் எல்லைக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

(தமிழ்த் திருச்சபைக்கும் 1706 மறக்க இயலாத ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில்தான் சீகன்பால்கு ஐயரும் புளூட்சௌ ஐயரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். சேலம் என்றதும் நம் மாங்கனி ஊரை நினைத்துவிட வேண்டாம். மெல்கிசேதேக்கு அரசாண்ட சாலேமின் பெயரைத் தங்கள் குடியிருப்புக்குச் சூட்டிக்கொண்ட ஆங்கிலேயப் பியூரிட்டன்களின் ஊர் இது. சமாதானம் என்று பொருள்படும் பெயர்!)

சேலத்தின் சூனியக்கார வழக்குகளைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அக்கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் அவர்களின் வீட்டில், ஒன்பது வயது மகளுக்கும் பதினொரு வயது உறவுக்காரச் சிறுமிக்கும் விளங்காத வலிப்பும் அலறலும் கண்டன. பொல்லாத கரம் அவர்கள்மேல் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். நோய் அடுத்தடுத்த வீடுகளுக்குப் பரவியது. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் தங்களை வதைப்பவர்களின் ஆவியுருவைக் கண்டதாகச் சொன்னார்கள். நீதிமன்றமும் அதைச் சாட்சியமாக ஏற்றது. அவ்வாண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முதியவர் ஒருவர் கற்களால் நசுக்கப்பட்டு இறந்தார். சிறையிலேயே மாண்டவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர்கள் இதைப்பற்றி எழுதியவை ஒரு நூலகத்தையே நிரப்பும். நான் இங்கே கவனிக்க விரும்புவது ஒரே ஒரு வீட்டை.

அது தாமஸ் பட்னத்தின் வீடு. அவர் மனைவியின் பெயரும் ஆன். மூத்த மகளுக்கு வயது பன்னிரண்டு. தகப்பன் எதிர்பார்த்திருந்த சொத்தில் பெரும்பங்கு மாற்றாந்தாயின் மகனுக்குப் போயிருந்தது. தாய் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். சகோதரியின் சாவையும் அவள் மனம் ஆற்றிக்கொள்ளவில்லை. பக்கத்து டாப்ஸ்ஃபீல்டு ஊராரோடு நிலஎல்லைத் தகராறு வேறு. இத்தனை கசப்பும் அவ்வீட்டுக் கூடத்தில் பேசப்படாமலா இருந்திருக்கும்? பெரியவர்கள் பேசுவது தங்களுக்கு விளங்காது என்று நாம் நினைக்கும் வயதில்தான் பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் அவ்வீட்டிலிருந்து புறப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று ரெபெக்காள் நர்ஸ் என்ற அம்மையார்மேல் விழுந்தது. (நர்ஸ் என்பது குடும்பப் பெயர், தொழிலன்று.) வயது 71. காது மந்தம். நோயுற்றுப் படுக்கையில் இருந்தவர். பக்திக்குப் பெயர்பெற்ற குடும்பத் தலைவி. அவர் டாப்ஸ்ஃபீல்டில் குடியிருந்த டவுன் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நற்குணத்துக்குச் சான்று கூறி ஏறத்தாழ 40 அயலார் கையொப்பமிட்டார்கள். நடுவர் குழு முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னது. மறுபடியும் யோசிக்கும்படி நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஜூலை 19ஆம் நாள் அந்த அம்மையார் தூக்கிலிடப்பட்டார்.

அவர் கைதான சில நாட்களில், மார்ச் 28ஆம் நாள், மருமகன் ஜான் டார்பெல் பட்னம் வீட்டுக்குச் சென்றார். அங்கே நடந்ததை அவரும் அம்மையாரின் மகன் சாமுவேலும் பின்னர் எழுத்தில் தந்திருக்கிறார்கள். அந்தச் சிறு வாக்குமூலத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. டார்பெல் கேட்டது எளிய கேள்வி: ரெபெக்காள் நர்ஸின் பெயரைச் சிறுமி தானாகச் சொன்னாளா, வேறொருவர் அவளுக்கு எடுத்துக்கொடுத்தாரா? வீட்டாரின் பதில் இது. வெளிறிய முகமுள்ள பெண்ணொருத்தி பாட்டியின் இருக்கையில் அமர்ந்திருப்பதைக் கண்டதாகச் சிறுமி சொன்னாள். பெயர் தெரியாது என்றாள். அப்படியானால் பெயரை யார் அவளுக்குச் சொன்னது? வேலைக்காரப் பெண் மெர்சி லூயிஸ், எசமானிதான் சொன்னார் என்றாள். எசமானி, இல்லை, மெர்சிதான் சொன்னாள் என்றாள். நீதான், நீதான் என்று ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள் என்று டார்பெல் எழுதுகிறார்.

பெயர் தெரியாத ஓர் உருவத்துக்குப் பெரியவர்கள் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயரோடு நீதிமன்றத்தில் நிற்கவேண்டியவளாய் இருந்தது பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

ஏதேனில் ஆதாம் ஏவாளையும் ஏவாள் சர்ப்பத்தையும் காட்டியது நமக்குத் தெரியும். அதைவிட எனக்கு நினைவுக்கு வருவது நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம். யோசனையின்றி வாயைத் திறந்து பொருத்தனை பண்ணியவன் யெப்தா. வீட்டு வாசலிலிருந்து தம்புரு வாசித்துக்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவளைக் கண்டதும் அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தையில், தன்னை மனமடியச் செய்தவள் அவளே என்று அவள்மேல் குறைசொன்னான். அவன் அழுதது பொய்யன்று. அந்த அழுகையிலும் பழி மகள்மேல் விழுந்ததைத்தான் கவனிக்கவேண்டும்.

தாமஸ் பட்னம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் அல்லர். பிப்ரவரி 29ஆம் நாள் முதன்முதலாக மூன்று பெண்கள்மேல் முறையீடு கொடுத்த நான்கு ஆண்களில் அவர் ஒருவர். வழக்குகளில் எஞ்சியிருக்கும் வாக்குமூலங்களில் 100க்கும் மேற்பட்டவை அவருடைய கையெழுத்தில் உள்ளன என்று ஆவணங்களை ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மகளின் அலறலுக்குச் சட்டத்தின் மொழியைக் கொடுத்தது அந்தப் பேனாதான். தம்பதியர் வேண்டுமென்றே பொய் புனைந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை வதைக்கப்படுகிறாள் என்று மெய்யாகவே நம்பியிருக்கலாம். ஆனால் நம்பிச் செய்ததற்கும் பொறுப்பு உண்டு.

செப்டம்பர் 19ஆம் நாள், வாதாட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் கற்களால் நசுக்கப்பட்டு இறந்தார். அதையொட்டித் தாமஸ் பட்னம் நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கோரி நெடுநாளுக்கு முன்பு தன் வீட்டில் இருந்த ஒருவனை மிதித்துக் கொன்றவன் என்று ஓர் ஆவியுரு தம் மகளுக்கு வெளிப்படுத்தியதாம். இவ்வளவு காலம் ஒருவருக்கும் நினைவில்லாத காரியம் இப்போது வெளிவந்தது விந்தையல்லவா என்பது கடிதத்தின் போக்கு. அந்தப் பழைய சாவு நிகழ்ந்து பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளோ 1679இல் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு முன் ஊரில் நடந்த கதை அவள் காதுக்கு எவ்வழியாக வந்திருக்கக்கூடும் என்று தகப்பன் தம்மைத்தாமே கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. கடிதத்தைப் பெற்றவரும் கேட்கவில்லை. செய்தியைத் தம் நாட்குறிப்பில் அப்படியே எழுதிவைத்தார்.

கடிதத்தைப் பெற்ற நீதிபதி பாஸ்டன் நகரத்து சாமுவேல் சூவல். அவரும் பல பிள்ளைகளுக்குத் தகப்பன்.

சூவலின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பேறு. அதில் அவர் தம்மை அழகுபடுத்திக் காட்டுவதில்லை. 1696 ஜனவரியில் ஒரு நாள் குறிப்பைப் பாருங்கள். பதினான்கு வயது மகள் எலிசபெத், வீட்டில் பெட்டி என்று அழைக்கப்பட்டவள், பகலுணவுக்குப் பின் திடீரென்று வாய்விட்டுக் கதறினாள். வீட்டார் எல்லாரும் அழுதார்கள். தாய் காரணம் கேட்டும் முதலில் சொல்லவில்லை. கடைசியில், தான் நரகத்துக்குப் போய்விடுவேன் என்று பயப்படுவதாகவும் தன் பாவங்கள் மன்னிக்கப்படவில்லை என்றும் சொன்னாள். தகப்பன் இதை எப்படி எழுதுகிறார்? பெண் பிள்ளையின் பலவீனம் என்றோ வயதின் கோளாறு என்றோ எழுதவில்லை. சில நாட்களுக்கு முன் தாம் வீட்டில் வாசித்த ஒரு பிரசங்கமே அவளை முதலில் காயப்படுத்தியது என்று எழுதுகிறார். யோவான் 7:34ஐ ஒட்டிய பிரசங்கம் அது. தேடியும் காணாமற்போவதைப் பற்றியது. அதனோடு யோவான் 8:21ஐச் சேர்ந்த வார்த்தைகள் அவள் மனத்தில் சுழன்று அவளை நடுங்கச் செய்தன என்பதையும் குறித்துக்கொள்கிறார். போதகர் சாமுவேல் வில்லார்ட் வரவழைக்கப்பட்டு அவளோடு பேசி ஜெபித்தார்.

பிப்ரவரி 22ஆம் நாள் அதிகாலையில் அதே பெட்டி தகப்பனின் அறைக்கு வந்தாள். பயம் நீங்கவில்லை. எதற்காக ஜெபிக்கட்டும் என்று தகப்பன் அவளையே கேட்டார். தன் பாவம் மன்னிக்கப்படவும் புதிய இருதயம் அருளப்படவும் என்றாள். இயன்ற அளவு பதில் சொல்லி, இருவரும் மிகுந்த கண்ணீரோடு ஜெபித்தார்கள் என்று அன்றைய குறிப்பு கூறுகிறது. மே மாதத்திலும் அவள் அழுகையினால் தன் வேதபாகத்தை வாசிக்க இயலாதவளாய் இருந்தாள். ஒரு மன்னிப்போடு எல்லாம் சீராகிவிடும் என்று எதிர்பார்க்கும் பெற்றோர் இந்த மாதக்கணக்கை நினைவில் கொள்ளவேண்டும். சூவல் தம் பக்திமுறையை மாற்றிக்கொண்டார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. எனினும் காயத்தின் இடத்தைக் குறிக்கும்போது தம் வாசிப்பை அவர் மறைக்கவில்லை. பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் கதவு திறந்திருந்தது.

அவ்வாண்டு அந்த வீட்டுக்குக் கொடியதாயிருந்தது. மே மாதத்தில் ஓர் ஆண்பிள்ளை இறந்தே பிறந்தது. டிசம்பர் 23ஆம் நாள் இரண்டு வயது சாராள் இறந்தாள். மறுநாள் மகன் சாமுவேல் மத்தேயு 12ஆம் அதிகாரத்தின் ஒரு பகுதியை இலத்தீன் மொழியில் தகப்பனிடம் ஒப்புவித்தான். அப்பகுதியின் ஏழாம் வசனம் உங்களுக்குத் தெரியும்: இரக்கத்தின் பொருளை அறியாதவர்கள் குற்றமற்றவர்கள்மேல் குற்றம் சாட்டியதைக் குறித்து ஆண்டவர் பேசிய இடம். அந்த வசனம் சேலத்தின் துயரத்தைப் பயங்கரமாய்த் தமக்கு நினைப்பூட்டியது என்று சூவல் எழுதினார். பிள்ளை தன் பாடத்தைத்தான் ஒப்புவித்தான். தீர்க்கதரிசனம் உரைக்க அவன் எண்ணியிருக்கமாட்டான்.

டிசம்பர் 25ஆம் நாள் சாராளை அடக்கம் செய்தார்கள். (பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் ஆசரிப்பதில்லை, அவர்களுக்கு அது மற்றுமொரு வேலைநாள்.) நண்பகலில் சூவல் குடும்பக் கல்லறைக்குள் இறங்கி, மாமனார், மாமியார், தம் ஆறு பிள்ளைகள் ஆகியோரின் பெட்டிகளுக்கு நடுவே இருந்தார்.

1697 ஜனவரி 14ஆம் நாளை மாகாண அரசு உபவாச நாளாக அறிவித்திருந்தது. பாஸ்டனில் தாம் சேர்ந்திருந்த சபையில், போதகர் வில்லார்ட் தம்மைக் கடந்து செல்லுகையில் சூவல் ஒரு காகிதத்தை அவர் கையில் கொடுத்தார். அது சபைமுன் வாசிக்கப்படும்போது எழுந்து நின்றார். முடிந்ததும் தலைவணங்கினார். தம்மேலும் தம் குடும்பத்தின்மேலும் மீண்டும் மீண்டும் விழுந்த அடிகளை அறிக்கையிட்டு, சேலம் நீதிமன்றத்தால் நேர்ந்த குற்றத்தில், தாம் அறிந்த எவரைக் காட்டிலும் தமக்கே அதிகப் பங்கு என்றார். பழியையும் வெட்கத்தையும் ஏற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொல்லி, மனிதரிடம் மன்னிப்புக் கேட்டார். தேவன் அந்தப் பாவத்தை மன்னிக்கும்படியும், அதன் பலன் தம்மேலும் தம்மைச் சேர்ந்தவர்கள்மேலும் தேசத்தின்மேலும் வராதபடியும் ஜெபிக்க வேண்டினார்.

தம் சிறு பிள்ளைகளின் மரணத்தைத் தம் பாவத்துக்குரிய அடியென்று அவர் எண்ணியதை நான் உங்களுக்குப் போதிக்கமாட்டேன். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் தந்த பதில் நமக்கு உண்டு. ஆனாலும் அந்த அறிக்கையின் அமைப்பைப் பாருங்கள். நீதிபதிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் அவர்களைக் கூட்டிக்கொள்ளவில்லை. சாட்சி சொன்ன சிறுமிகளைக் குறிப்பிடவில்லை. பட்னம் எழுதிய கடிதத்தையும் சாக்காகக் காட்டவில்லை. வேறொருவர் வாசிக்க, தாம் வாய்திறவாமல் நின்றதால், இடையில் விளக்கம் சொல்லவும் வழியில்லை. அந்த நீதிபதிகளில் இப்படிப் பகிரங்கமாக நின்றவர் அவர் ஒருவரே. தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் இறுதிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. போதகர் பாரிஸ் 1694இல் சபைமுன் ஓர் ஒப்புதலை வாசித்தார். போதகர்களாகிய நாங்கள் அதைத் தனியே படித்துச் சிந்திக்கவேண்டும்: தாமதமாக வந்தது, சொற்கள் மிகவும் அளந்து வைக்கப்பட்டிருந்தன, நர்ஸ் குடும்பத்தாருக்கு அது போதவில்லை.

நம் வீடுகளில் தூக்குமரம் இல்லை. ஆயினும் பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் நாம் தெரிந்தெடுத்த படிப்பில் அவன் இரண்டு ஆண்டுகளை இழக்கிறான். நம் உறவுச் சண்டையில் அவளைச் சாட்சியாக நிறுத்தி, அவள் பாசம் வைத்திருந்த அத்தையையோ பெரியப்பாவையோ இழக்கச் செய்கிறோம். பின்பு, அவன் ஒழுங்காகப் படிக்கவில்லை, அவள்தான் அப்படிச் சொன்னாள் என்கிறோம். கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் காட்டும்போது, டார்பெல் நின்ற அந்தக் கூடத்தில்தான் நாமும் நிற்கிறோம். உன் நன்மைக்காகத்தானே செய்தோம் என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். அது பிள்ளை இழந்ததைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டிய வாய் பெற்றோருடையது. மற்றவர்முன் பிள்ளையைப் பழித்திருந்தால் அந்த மற்றவர்முன்பாகவே சொல்லவேண்டும்.

தாமஸ் பட்னமும் அவர் மனைவியும் அப்படிச் சொன்னதாக எந்தப் பதிவும் இல்லை. 1699ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும், சுமார் இரண்டு வார இடைவெளியில், இருவரும் மரித்தார்கள். மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தன்னிலும் இளைய உடன்பிறப்புகள் பலரை வளர்க்கும் பொறுப்பும், பெற்றோர் பேசாமல் விட்ட காரியமும் ஒன்றாக அவள் கைக்கு வந்தன. தன் பதின்பருவம் முழுவதும் அவள் ஊராரின் கண்களைச் சந்தித்து நடந்த விதம் எப்படியிருந்திருக்கும்! அவள் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

இனி 1706இன் அறிக்கைக்கு வருவோம். 1692இல் தன் தகப்பனுடைய குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்துக்காகத் தேவனுக்கு முன்பாகத் தாழ்த்தப்பட விரும்புவதாக அது தொடங்குகிறது. தான் பிள்ளைப்பருவத்தில் இருந்ததையும், குற்றமற்றவர்கள்மேல் குற்றம் சாட்டத் தான் கருவியானதையும், அது சாத்தானின் பெரும் வஞ்சனை என்பதையும், கோபத்தினாலோ பகையினாலோ அல்ல, அறியாமையினால் செய்ததையும் சொல்கிறது. சிறப்பாக ரெபெக்காள் நர்ஸ் அம்மையாரையும் அவருடைய இரு சகோதரிகளையும் குறிப்பிட்டு, அதற்காகப் புழுதியில் கிடக்க விரும்புவதாகவும், துயரப்படுத்தப்பட்ட எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும் கூறுகிறது. சாத்தான்மேல் பழிபோட்டுத் தப்பினாள் என்று இந்த அறிக்கையைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் வஞ்சிக்கப்பட்ட ஒருத்தி, தான் வஞ்சிக்கப்பட்டதாகச் சொல்ல உரிமையுள்ளவள். சொல்லாமல் விட்டதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். தாய் எடுத்துக்கொடுத்த பெயரைப் பற்றியோ, தகப்பன் எழுதிய வாக்குமூலங்களைப் பற்றியோ, நீதிபதிக்குச் சென்ற கடிதத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட அதில் இல்லை. தகப்பனுடைய குடும்பம் என்ற ஒரு தொடரோடு நிறுத்திக்கொண்டாள்.

சபை அவளை ஏற்றுக்கொண்டது. போதகர் கிரீன் அந்த ஊருக்கு வந்த நாள் முதலாகப் பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பதையே தம் ஊழியமாகக் கொண்டிருந்தார். நெடுநாள் திருவிருந்துக்கு வராதிருந்த நர்ஸ் குடும்பத்தார் அவர் காலத்தில் திரும்பி வந்திருந்தார்கள். ஆன் பட்னத்தின் கையொப்பத்தோடு அந்த அறிக்கை சபைப் பதிவேட்டில் இருக்கிறது.

அவள் 1716இல் மரித்தாள். நாற்பது வயதை எட்டவில்லை. பெற்றோரை அடக்கம்செய்த குடும்ப நிலத்திலேயே, பெயர் பொறித்த கல் இல்லாமல் அடக்கம்செய்யப்பட்டாள். பாஸ்டனில் பெட்டி சூவல் 1700இல் ஒரு வணிகரை மணந்து, பிள்ளைகளுக்குத் தாயாகி, அதே 1716இல் தன் முப்பத்துநான்காம் வயதில் இறந்தாள். அவளுடைய தகப்பன் அப்போது உயிரோடிருந்தார்.